கசப்பிலைத் தட்டுகள்

இலோரின்,
பிப்ரவரி 6, 2011

நெங்கி,

இவ்வளவு நேரம் கழித்து, ஊரே உறங்கின பிறகு எழுதுவதற்கு மன்னித்துக்கொள். கோணல் எழுத்துக்கும் சேர்த்து. குழந்தை இடது தோளில் தூங்குகிறாள், இறக்கினால் விழித்துக்கொள்வாள். போனில் பேசினாலும் அதே கதை. அதனால்தான் காகிதம். காலையில் இவள் அப்பா துன்ஜி இதை மோட்டார் பார்க் பஸ் நிலையத்தில் இஃபே போகிற டிரைவர் கையில் கொடுத்துவிடுவார்.

மொயோசோரே என்று பெயர் வைத்தாயிற்று. மொயோ என்று கூப்பிடுகிறோம். உனக்கு இதுவரை ஒன்று சொல்லவில்லை. அவள் தோலில் நிறம் இல்லை. முடி சோளக்கதிரின் பட்டு மாதிரி இருக்கிறது. எங்கள் இரண்டு வீட்டிலும் இப்படிப் பிறந்தவர்கள் யாரும் இல்லை என்று எல்லோரும் சத்தியம் செய்கிறார்கள்.

பெயர் வைத்த அன்று தேன், உப்பு, கோலா கொட்டை என்று வழக்கப்படி உதட்டில் தொட்டு வைத்தார்கள். உப்பு வந்ததும் துன்ஜியின் அத்தை கிண்ணத்தைக் கையால் மூடிவிட்டார். "இந்த மாதிரிப் புள்ளைக்கு உப்பு ஆகாது, தோலு வெடிச்சிரும்" என்றார். கூட்டம் முழுக்கத் தலையாட்டியது. எனக்கு உப்பைப் பற்றிக் கவலையே இல்லை. கோலா தடவிய விரல் அவள் உதட்டுக்குப் போனபோதுதான் தடுக்கக் கை நீட்டிவிட்டேன். போன வருஷம் இஃபே ஆய்வகத்தில் நாம் பார்த்ததுதானே? புற ஊதா விளக்கில் காட்டிய பாக்டீரியா, உடைந்த டிஎன்ஏவைத் தானே ஒட்டுப்போட்டுக்கொள்கிறது. கோலாவில் இருக்கிற காஃபீனைச் சேர்த்தால் அந்த வேலை நின்றுபோய்ப் பாதி சாகிறது, மிச்சத்தில் பலது பிறழ்ந்து முளைக்கிறது. சிரிக்காதே. ஒரு துளிக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்கும் தெரியும். படித்ததெல்லாம் பயப்படத்தான் உதவுகிறது.

வெயில் படவே கூடாது என்கிறாள் நர்ஸ். இலோரினில் வெயில் படாமல் எங்கே வைப்பது? நம் விளக்குக்காவது ஒரு சுவிட்ச் இருந்தது.

பாக்டீரியா வளர்க்கிற நம் கசப்பிலைத் தட்டுகள் என்ன ஆயின? அந்த இலைச் சாறு ஒட்டுப்போட ஏதாவது உதவுகிறதா? முன்னெல்லாம் ஆசைக்குக் கேட்பேன். இப்போது வேறு மாதிரிக் கேட்கிறேன்.

உன்,
இபிடுன்

*

இஃபே,
பிப்ரவரி 15, 2011

மொயோவின் அம்மாவுக்கு,

இனி உன் பெயரைச் சொல்லி உன்னை யார் கூப்பிடப்போகிறார்கள், பழகிக்கொள்.

முதலில் கோலா. அடி பைத்தியமே, நீ கர்ப்பமாக இருந்தபோது குடித்த தேநீரில் இருந்த காஃபீனைக் கணக்கில் எடுத்தால் உன் மகள் இந்நேரம் இறக்கை முளைத்துப் பறந்திருக்க வேண்டும். அத்தையிடம் என் சார்பில் சொல், எங்கள் ஆற்றுமுகத்தில் பிள்ளைகளை உப்புத் தண்ணீரில்தான் குளிப்பாட்டுகிறோம், ஒருத்தரும் வெடிக்கவில்லை என்று.

இப்போது உட்கார்ந்துகொள். இலை வேலை செய்கிறது. புற ஊதா விளக்கில் காட்டியபின் கசப்பிலைச் சாறு சேர்த்த தட்டுகளில் இரண்டு பங்குக்கு மேல் பிழைத்திருக்கிறது, பிறழ்ந்தவையோ பாதிகூட இல்லை. மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தேன், அதேதான். பேராசிரியர் ஒகுனாடே துள்ளாத குறை. அபுஜா மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பிவிட்டார். என் பெயருக்கு அடுத்தது உன் பெயர்.

இதை எந்த நிலையில் செய்தேன் என்று நினைக்கிறாய்? எல்லாவற்றையும் புற ஊதாவில் காட்டியபின், வழக்கம்போல இலை சேர்க்காத வெறும் தட்டுகளை முடித்துவிட்டு இலைத் தட்டுகளை எடுப்பேன், சொல்லிவைத்த மாதிரி நெப்பாக்காரன் கரண்டைக் கொண்டுபோய்விடுவான். நம்முடைய மண்ணெண்ணெய் விளக்கின் கண்ணாடியும் உடைந்துபோயிற்று. சார்ஜ் போடுகிற வெள்ளைக் குழல்விளக்கு ஒன்று வாங்கி மேசைக்கு நேர்மேலே தொங்கவிட்டிருக்கிறேன். ராஜ வாழ்க்கை.

இந்தப் பையில் ஒரு குப்பி இருக்கும். கசப்பிலைச் சாற்றை ஷியா கொட்டை வெண்ணெயில் குழைத்தது. மருந்து என்று சொல்லமாட்டேன், உனக்குத் தெரியாததா? இருந்தாலும் சும்மா தடவு. குழந்தையை நான் பார்க்கும்வரை அவள்மேல் என் கை படட்டும்.

நெங்கி

*

இலோரின்,
மார்ச் 2, 2011

நெங்கி கண்ணே,

உன் கடிதத்தைத் துன்ஜிக்கு வாசித்துக் காட்டும்போதே அழுதுவிட்டேன். அன்றிலிருந்து தினமும் தடவினேன். போன சனிக்கிழமை, பிறந்த பிறகு முதல்முறையாக, அவள் தலையை மூடாமல் முதுகில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனேன். அவளுக்கு ஒரே கொண்டாட்டம். மிளகாய்க்காரி, "இந்த வெள்ளக்காரப் புள்ளய எந்தக் கப்பல்லருந்து எறக்குன?" என்று கேட்டாள். "அப்பன் மூஞ்சியப் பாத்தா தெரியும், பஸ்ல வந்தவதான்" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே ஒரு பிடி மிளகாய் அதிகம் போட்டாள். அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று உனக்கு எழுதத் தெரியவில்லை.

சாயங்காலம் அவள் காது இரண்டும் சிவந்து, காலையில் கொப்பளித்திருந்தது.

குறைவாகத் தடவிவிட்டேனோ என்றுதான் முதலில் நினைத்தேன். நீ எப்படிக் குழைத்தாய் என்று எழுதியிருக்கிறாயா எனப் பார்க்க உன் கடிதத்தை எடுத்தேன். அப்போதுதான் அந்த வெள்ளை விளக்கைப் பற்றிய வரி கண்ணில் பட்டது.

நெங்கி, புற ஊதா விளக்கில் காட்டிய தட்டுகளை நாம் ஏன் இருட்டில் வைக்கிறோம்? நம் பாக்டீரியா இருட்டிலும் கொஞ்சம் ஒட்டுப்போட்டுக்கொள்ளும், ஆனால் நல்ல வெளிச்சம் பட்டால் அந்த வெளிச்சத்தைக் கொண்டே முறிவை நேராக்கிவிடும். மஞ்சள் பல்பும் மண்ணெண்ணெய் விளக்கும் அதற்குப் போதாது. அதனால்தான் விளக்கு வைத்துக்கொண்டு வேலை செய்வது நமக்குத் தப்பாகவே தெரியாமல் போயிற்று. வெள்ளைக் குழல்விளக்கு அப்படியில்லை. வெறும் தட்டுகள் கரண்ட் இருக்கும்போது மஞ்சள் பல்பின் கீழ், இலைத் தட்டுகள் எப்போதும் அதன் பிறகு, வெள்ளை விளக்கின் கீழ். பிழைக்கவைத்தது இலையா, விளக்கா?

ஒரே ஒருமுறை வரிசையை மாற்றிப் போட்டுப் பார். இலையை முதலில் எடு. நான் நினைப்பது தப்பாக இருக்கவேண்டும் என்று என்னைவிட ஆசைப்படுகிறவள் இந்த நாட்டில் கிடையாது.

இபிடுன்

*

இஃபே,
மார்ச் 9, 2011

இபிடுன்,

சுருக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. பேச்சுக்கு என் பெயரை அச்சடித்துவிட்டார்கள். மூன்று வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தியை நீ வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரு கடிதத்தில் பிடுங்கப் பார்க்கிறாய். உன் பிள்ளையின் தோலை வைத்து என் வேலையை அளக்காதே.

நெங்கி

*

இஃபே,
மார்ச் 28, 2011

இபிடுன்,

வரிசையை மாற்றிப் போட்டேன். உன் மேல் இருந்த கோபத்தில்தான் போட்டேன், நீ தப்பு என்று எழுதி அனுப்ப.

முதலில் எடுத்த இலைத் தட்டுகள் சுடுகாடு மாதிரி இருந்தன. கரண்ட் போனபின் வெள்ளை விளக்கின் கீழ் எடுத்த வெறும் தட்டுகள் செழித்துக் கிடந்தன. நம்பாமல் எல்லாவற்றையும், புற ஊதாவில் காட்டியபின் வேறு விளக்கே இல்லாமல், கையால் தடவித் தடவி இன்னொருமுறை செய்தேன். இலை போட்டதற்கும் போடாததற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

பேராசிரியரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அபுஜா எங்கயும் ஓடிராதும்மா" என்றார், பாவம். சுருக்கத்தைத் திரும்பப் பெற்றாயிற்று.

அந்தக் குப்பியைத் தூக்கி எறி. அதை நம்பித்தானே வெயிலில் கொண்டுபோனாய்? காது ஆறிவிட்டதா? போன கடிதத்தில் அவள் தோலைப் பற்றி எழுதிய அந்த வரிக்கு எனக்காக மன்னிப்புக் கேட்க அக்கா மாதிரி ஒருத்தி நடுவில் இருந்தால் தேவலை. யாரும் இல்லை, நானேதான் கேட்கவேண்டும்.

நெங்கி

*

இலோரின்,
ஏப்ரல் 5, 2011

என் நெங்கி,

காது ஆறிவிட்டது. தோல் உரிந்து புதுசு வந்திருக்கிறது. 

அந்த வரியை மறந்துவிட்டேன் என்று எழுதினால் பொய். வலித்தது. ஆனால் அதை எழுதிய கைதான் தனக்கு விரோதமாக இருட்டில் அத்தனை தட்டுகளையும் திரும்பப் போட்டிருக்கிறது. குழந்தையை வெயிலுக்குக் கொண்டுபோனவள் நான். ஆசை அப்படிச் செய்யவைத்தது. அதில் உனக்குப் பங்கு வேண்டாம்.

ஒரு நாள் முழுக்கப் பொறாமையாக இருந்தது. யார்மேல் தெரியுமா? பாக்டீரியாமேல். வெளிச்சத்தைக் கொண்டே காயத்தை ஆற்றிக்கொள்கிற வித்தை அதற்கு இருக்கிறது, மனுஷருக்கு இல்லை. குடலில் கிடக்கிற ஜந்துவுக்குக் கொடுத்ததை என் மகளுக்குக் கொடுக்கக்கூடாதா என்று துன்ஜியிடம் சண்டை போட்டேன், அவரா கொடுக்க மறந்தார்? அவர் தன்னுடைய நல்ல அங்கியை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். அதை வெட்டி அவளுக்கு விரல் நுனிவரை வருகிற மாதிரி இரண்டு சட்டை தைத்திருக்கிறேன். இனி எங்கே போனாலும் வெயில் சாய்ந்தபிறகுதான்.

ஜூலையில் என் பிரசவ விடுப்பு முடிகிறது, ஆய்வகத்துக்குத் திரும்பப்போகிறேன். துன்ஜிக்கு வேலை இங்கேதான், அதனால் நானும் மொயோவும் மட்டும் வருவோம். இஃபேயில் அறை கேட்டுப் போனால் குழந்தையைப் பார்த்ததும் ஆள் வந்தாயிற்று என்பார்கள், எனக்குத் தெரியும். உன் வீட்டில் எங்களுக்கு இடம் கொடுப்பாயா? பகலெல்லாம் ஜன்னலைச் சாத்தித் திரை போடவேண்டும். நீயோ கதவைக்கூடத் திறந்துபோட்டுத் தூங்குகிறவள். புழுங்கும், உனக்கு எரிச்சல் வரும், நாம் சண்டை போடுவோம். யோசித்துச் சொல். முடியாதென்றால் முடியாது என்றே எழுது, உன்மேல் கோபம் வராது.

எதுவானாலும் சீக்கிரம் பதில் போடு.

இபிடுன்