அறைக்கு வெளியே ஒரு ஓட்டு

டிசம்பர் 12

பேனாவாலேயே ஊரை வெட்டிச் சாய்க்கும் என் அருமை நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. நாங்கள் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை இன்னும் இருட்டுக்குள் உட்கார்ந்து கண்டவன் எடுத்த படத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறாயா? ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவள் நான். எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். போனில் என்றால் நாலு வார்த்தை பேசுவதற்குள் "அப்புறம் கூப்பிடறேன் அண்ணி" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது பார்.

உங்கள் பத்திரிகையில் ஐந்து விமர்சகர்கள் கூடி இந்த வருஷத்தின் சிறந்த பத்துப் படங்களைப் பொறுக்கப் போகிறீர்களாமே. உன் அண்ணன் நடித்த படமும் பேச்சில் இருக்கிறதாம். எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? நம் சலவைக் கடைக்குத் துணி போட வருகிறவர்களிடமெல்லாம், "அந்தப் பட்டியல்ல வந்தா எனக்கென்ன, வராட்டி எனக்கென்ன?" என்று கேட்காமலே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போன வருஷம் அவர் நடித்த படத்தைப் பற்றி எழுதினாயே, "டாக்டராக வருபவர் நோயாளியைவிட அதிகமாக அவஸ்தைப்படுகிறார்" என்று. அன்றைக்கு உன்னோடு நின்ற பேச்சு இன்னும் நின்றேதான் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு நான் சிரித்ததால் என்னோடும் இரண்டு நாள் பேச்சில்லை. பசி வந்ததும் என்னோடு சமாதானமாகிவிட்டார். உனக்கு அந்த வசதி இல்லையே.

கொஞ்சம் பார்த்துச் செய்யம்மா. ஓட்டுப் போட ஒரு கைதானே, தூக்கினால் சுளுக்கியா கொள்ளும்?

ஆசையோடு,
உன் அண்ணி

டிசம்பர் 17

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்தது தப்பு. நான் சிரித்த சிரிப்பில் ஆசிரியர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

அந்த டாக்டர் வரியை நான் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன். அண்ணன் கண்ணாடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்ததில் எனக்கே தலை சுற்றியது. வேறு யார் அப்படி நடித்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

புதுப் படத்தைப் பார்த்துவிட்டேன். டிக்கெட் வாங்கிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல், கடைசி வரிசையில் உட்கார்ந்து. மகளோடு வாடகை வீடு தேடி அலைகிற அப்பா. வீட்டுக்காரர் முடியாது என்றதும் பேசாமல் வாசலுக்கு வருகிறார். முகம் மகளைப் பார்த்துச் சிரிக்கிறது. கால் மட்டும் கீழே செருப்பைத் தேடித் துழாவுகிறது, அகப்படவில்லை. படம் முடிந்ததும் அடுத்த காட்சிக்கும் டிக்கெட் வாங்கிவிட்டேன் அண்ணி.

ஆனால் இதை அவரிடம் இப்போது சொல்லாதீர்கள். பட்டியல் வெளிவரட்டும். முன்னாலேயே சொன்னால் சமாதானத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைப்பார்.

கையைப் பற்றி மட்டும் வாக்குக் கொடுக்க முடியாது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்

ஜனவரி 3

நாத்தனாருக்கு,

பட்டியல் வந்தது. பத்திலும் தேடினேன். பின் அட்டை விளம்பரம் வரைக்கும் தேடினேன். உன் அண்ணன் படம் இல்லை.

அவர் இஸ்திரி போட்டுக்கொண்டே பத்திரிகையைப் பிரித்தார். வாடிக்கையாளர் சட்டையில் ஓட்டை விழுகிறவரைக்கும் பெட்டியை எடுக்கவில்லை. "வேற யார் கழிச்சிருந்தாலும் தாங்கிப்பேன். அவளே கழிச்சுட்டா" என்றார். அப்புறம், "இனிமே அவ பேச்சை இந்த வீட்ல எடுக்காதே" என்றார். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மெதுவாகச் சொன்னார். அதனால்தான் உடனே இதை எழுத உட்கார்ந்தேன்.

நீ சொன்னாய் என்று செருப்பு விஷயத்தை வாய்க்குள் பூட்டி வைத்திருந்தேன். என் வாய்க்குப் பூட்டுப் போடுவது என்ன சாமானியமா! போகட்டும். அவ்வளவு பிடித்த படத்துக்கு நீ கை தூக்கினாயா, இல்லையா? உள்ளதைச் சொல். உனக்குத்தான் பொய் சொல்ல வராதே, அதுதானே நம் குடும்பத்துக்கே தலைவலி.

அண்ணி

ஜனவரி 7

அன்புள்ள அண்ணி,

நான் கை தூக்கவில்லை. ஓட்டு எடுத்தபோது நான் அந்த அறையிலேயே இல்லை.

எங்களுக்கு ஒரு விதி உண்டு. படத்தில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் அதைப் பற்றிப் பேசக் கூடாது, ஓட்டும் போடக் கூடாது, வெளியே போய் நிற்க வேண்டும். எனக்கு ஓர் அண்ணன் இருப்பதும் அவர் நடிப்பதும் அங்கே யாருக்கும் தெரியாது.

பட்டியலில் சேர ஐந்தில் மூன்று கை வேண்டும். இரண்டு பேர் அந்தப் படத்துக்காகத் தொண்டை கட்டச் சண்டை போட்டார்கள். மற்ற இரண்டு பேர் அசையவில்லை. மிச்சம் என் கை ஒன்றுதான். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டு கையைத் தூக்கியிருந்தால் படம் உள்ளே வந்திருக்கும்.

"அந்தச் செருப்பைத் தேடுறாரே, அவர் என் அண்ணன்" என்றேன்.

"இத்தனை நாள் சொல்லவே இல்லியேம்மா!" என்றார் ஆசிரியர்.

எழுந்து வெளியே வந்து தண்ணீர்க் கேன் பக்கத்தில் நின்றேன். கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டபோது முடிந்துவிட்டிருந்தது. இரண்டே கைதான்.

உள்ளே இருக்க முடிந்திருந்தால் தூக்கியிருப்பேன் அண்ணி. இரண்டு கையையும் தூக்கியிருப்பேன். இதை அண்ணனுக்குப் படித்துக் காட்டுங்கள். கோபம் போகாவிட்டாலும் போகிறது. நடந்தது தெரிந்து கோபப்படட்டும்.

உங்கள் நாத்தனார்

ஜனவரி 12

என் தங்கமே,

எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினேன். முதலில் குதித்தார். "வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல? இவகிட்ட யாரு கேட்டா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். நானும் சளைக்காமல், "செருப்புத் தேடறதெல்லாம் ஒரு நடிப்பா? வீட்லயும் தினம் அதைத்தானே பண்றீங்க" என்றேன். "உனக்கென்னடி தெரியும், அது நானா யோசிச்சுப் பண்ணினது" என்று என்மேல் பாய்ந்தார். சரி, இறங்கட்டும் என்று கடிதத்தை மடித்து வைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, பொத்தான் தைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "அங்க என்ன சொன்னதா எழுதியிருக்கா?"

"எங்க?"

"அதான், எல்லார் முன்னாடியும்."

"அவர் என் அண்ணன்னு."

"அப்படியேவா? தெரிஞ்சவரு, தூரத்துச் சொந்தம், அந்த மாதிரி எதுவும் இல்லியே?"

"இல்லீங்க. நீங்களே பாருங்க."

கடிதத்தை வாங்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனவர் வெகு நேரம் வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது. சோப்புத் தண்ணீர் தெறித்துவிட்டதாம். கடைக்கு லீவு, அன்றைக்கு நாங்கள் ஒரு கைக்குட்டைகூடத் துவைக்கவில்லை.

கீழே அவரே எழுதுகிறார். நான் பார்க்கக் கூடாது என்று கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். பார்த்துவிட்டேன்.

உன் அண்ணி

உங்கள் பட்டியலில் முதலில் நிற்கிற படத்தை நேற்றுப் போய்ப் பார்த்தேன். சுத்தப் பேத்தல். இதைப் பொறுக்கவா ஐந்து பேர் கூடினீர்கள்? உன் ரசனையைப் பற்றி நிறையச் சண்டை போட வேண்டியிருக்கிறது. எழுதி முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்துவிடு.

இப்படிக்கு,
உன் அண்ணன்