கிழக்கு மூலை

மறுவாழ்வு இல்லம்
5.8.2024

என் பிரியமுள்ள ஜாஸ்பின்,

சுகமாக வந்து சேர்ந்தேன். குடியை விட வந்தவர்கள் என்னையும் சேர்த்துப் பதினாறு பேர். அக்டோபர் முப்பதாம் தேதி வீட்டுக்கு விடும்வரை போன் கிடையாது, கடிதம்தான் என்று சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடத்து லீவு லெட்டருக்குப் பிறகு இப்போதுதான் பேனா பிடிக்கிறேன். எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

கிளம்புவதற்கு முந்தின நாள் வீட்டுக்குப் பின்னால் போட்டு வைத்த கம்போஸ்ட் குவியலைப் பார்த்துக்கொள். நீளக்கம்பி தெர்மாமீட்டரை நடுவில் குத்தி, ஐந்து நிமிடம் விட்டு, சூடு எவ்வளவு என்று எழுது. புரட்டுவதை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். உன் முதுகுவலிக்கு மண்வெட்டி ஆகாது.

உன்
எட்சன்


அருமனை
14.8.2024

ஜினிஷா அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் சுகம்.

நடுவில் 62 காட்டுகிறது. கிழக்கு மூலையிலும் குத்திப் பார்த்தேன். ஒரு சாண் இறங்கியதும் 'ணங்' என்றது. அதற்கு மேல் கம்பி போகவில்லை. பக்கத்து வீட்டு லீலாபாய் அக்கா மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "ஏட்டி, உரத்துக்கும் காய்ச்சலா?" என்று கேட்டாள். சிரிக்க வேண்டிய பேச்சுதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள் போன அன்று அழுகையும் வரவில்லை.

"அப்பா எப்பம் வரும்?" என்று ஜினிஷா தினமும் கேட்கிறாள். காலண்டரில் அக்டோபர் முப்பதை வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.

உங்கள்
ஜாஸ்பின்


மறுவாழ்வு இல்லம்
21.8.2024

பிரியமுள்ள ஜாஸ்பின்,

62 நல்ல சூடு. கிழக்கு மூலையில் இருப்பது கல். குவியல் சரியாமல் இருக்க நான்தான் வைத்தேன். அங்கே குத்தாதே, கம்பி வளைந்துவிடும். நடுவில் மட்டும் பார்த்தால் போதும்.

கை நடுக்கம் குறைந்திருக்கிறது. சோறு இறங்குகிறது.

எட்சன்


அருமனை
9.9.2024

ஜினிஷா அப்பாவுக்கு,

இன்று 38. நாற்பதுக்குக் கீழே இறங்கினால் புரட்ட வேண்டும் என்று நீங்கள் கம்போஸ்ட் பயிற்சியில் வாங்கி வந்த தாளில் போட்டிருக்கிறது. 21-ஆம் தேதி சனிக்கிழமை புரட்டப் போகிறேன்.

கல்லில் பட்டால் வரும் சத்தம் எனக்குத் தெரியும். புரட்டுவதற்கு முன்னால் உங்கள் வாயால் சொல்ல ஏதாவது இருந்தால் எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

உங்கள்
ஜாஸ்பின்


மறுவாழ்வு இல்லம்
14.9.2024

என் ஜாஸ்பின்,

அது கல் இல்லை. பாட்டில். திரும்பி வந்த பிறகு தாங்க முடியாமல் போனால் என்ன செய்வது என்ற பயத்தில் புதைத்தேன். இங்கே கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டேன். இப்போது மனசு லேசாக இருக்கிறது.

இரண்டு பாட்டில். எடுத்து உடைத்துப் போடு. இரண்டே இரண்டுதான், நம் ஜினிஷா மேல் சத்தியம். என்னைக் கைவிட்டுவிடாதே.

உன்
எட்சன்


அருமனை
23.9.2024

ஜினிஷா அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. இரண்டு தடவை படித்தேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்காமலே ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள் என்று நினைத்தேன். பிறகு, நான்தான் கேட்டிருந்தேன் என்று ஞாபகம் வந்தது. இருந்தாலும் உங்களைக் கூட்டிக்கொண்டு வரும்போது உடுக்க, சர்ச்சுக்குக் கட்டும் வெள்ளைச் சேலையை எடுத்து வெளியே வைத்தேன்.

சனிக்கிழமை புரட்டினேன். கிழக்கு மூலையில் இரண்டும் கிடைத்தன. அத்தனை சூட்டிலும் மூடிகூட இளகவில்லை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் புரட்டுவதென்றால் முழுவதும் புரட்ட வேண்டும் என்று தாளில் இருக்கிறது. மூன்றாவது மேற்குப் பக்கம் அடியில், வெட்டிப் போட்ட வாழைமரத் தடைக்குள் பொதிந்து இருந்தது.

கோபம் வரும் என்று அந்த ஈர மண்ணிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. குடித்ததை எல்லாம் பொறுத்தேன். பிள்ளை மேல் சத்தியம் செய்ததைப் பொறுக்க முடியவில்லை.

அக்டோபர் முப்பதாம் தேதி உங்களைக் கூட்டிக்கொண்டு வர நான் வரமாட்டேன். நெய்யூரில் உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போங்கள். அவரிடம் சொல்லிவிட்டேன். ஜினிஷாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. காலண்டரை மட்டும் எடுத்து உள்ளே வைத்திருக்கிறேன்.

புரட்டிய பிறகு குவியல் மறுபடியும் சூடேறியிருக்கிறது. இன்று 57. இனி எழுத மாட்டேன்.

ஜாஸ்பின்