கழட்ட இடம் விட்டு ஒட்டிய டயர்

மச்சான்,

நேற்று கண்ணமங்கலத்தில் உங்கள் பெரியப்பா மகன் வீட்டுக் கிரகப்பிரவேசம். வாசலில் அவருடைய சம்பந்தி நின்று எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். ரிடையர்டு தாசில்தார், மடிப்புக் கலையாத வேட்டி, தங்க ஃபிரேம் கண்ணாடி. பெரிய மனுஷன் ஆச்சே என்று இரண்டு உள்ளங்கையையும் நன்றாக அழுத்திக் கும்பிட்டேன். கும்பிட்ட கை பிரியவில்லை.

அவர் பதிலுக்குக் கும்பிட்டுக் கையை இறக்கிவிட்டார். நான் இறக்கவில்லை. சங்கடப்பட்டு மறுபடியும் கும்பிட்டார். நான் அப்படியே நின்றேன். "போதுங்க, உள்ள போய் உக்காருங்க" என்றார். பின்னால் நாலு பேர் மொய்க் கவரோடு காத்திருக்கிறார்கள். கடைசியில் உங்கள் தங்கச்சிதான் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் பிரித்துவிட்டாள். பழைய பிளாஸ்திரியை உரிக்கிற மாதிரி சத்தம் வந்தது. போட்டோக்காரன் அதையும் எடுத்துக்கொண்டான்.

"இன்னா கருமம் இது, கைல?" என்றாள்.

மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். காலையில் டயர் ஒட்டின பசை. சோப்பு, சீயக்காய், நல்லெண்ணெய் எல்லாம் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். மண்ணெண்ணெய் போட்டிருந்தால் போயிருக்கும். ஆனால் மண்ணெண்ணெயைத் தொடுவதில்லை என்று உங்களிடம் சத்தியம் செய்தவன் ஆயிற்றே. அந்தப் பசை வாசனை ஏறியதும் நீங்கள் பக்கத்தில் வந்து நின்ற மாதிரி இருந்தது. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன், கையில் எடுத்த வடை எல்லாம் உங்கள் வாசனை. உங்கள் தங்கச்சிக்கும் அது தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு அவள் ஒன்றும் திட்டவில்லை.

இந்தக் கூத்துக்கெல்லாம் ஆரம்பம் நீங்கள்தான். பாப்பாவுக்கு மஞ்சள் நீராட்டு நடந்த அன்று தாய்மாமன் சீர் கொண்டுவந்தீர்கள். பட்டுப்புடவை, வளையல், பழம், பூ, எல்லாம் முறைப்படி தட்டில் வந்தது. கடைசியாக நீங்களே சுமந்துவந்த தட்டில் இரண்டு சைக்கிள் சக்கரம், மாலை போட்டு. பட்டாளத்தில் ரேஸ் ஓட்டின காலத்துச் சக்கரம், புது டயர் ஒட்டி, பளபளவென்று. மேளக்காரர் ஒரு நிமிஷம் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

"இன்னா மச்சான், சக்கரம் மட்டும் கொண்டாந்துகீறீங்க. தேரு எங்க?" என்று நான் எல்லார் முன்னாலும் கிண்டல் செய்தேன்.

"தேர மாப்ள வாங்கித் தருவாரு" என்றீர்கள்.

கூடத்தில் அத்தனை பேரும் கைதட்டிவிட்டார்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிது இல்லை. வாங்கித் தந்தேன். அந்தத் தேர்தான் இன்றைக்கும் போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ரோட்டில் தினமும் மலையேறி இறங்குகிறது.

அந்தச் சக்கரத்தைப் பற்றி எனக்கு அப்போது ஒரு மண்ணும் தெரியாது. பத்தாவதை இரண்டு தடவை எழுதினவன், புளியும் சாமையும் வாங்கி விற்கிறவன். முதல் பஞ்சருக்கு நானே கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் நெம்பியைப் போட்டுத் துழாவிவிட்டு, "டியூப் எங்கண்ணா?" என்று என்னைக் கேட்டார். நான் வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்த மாதிரி முழித்தேன். உள்ளேயே டியூபை வைத்துத் தைத்த டயர் என்று நீங்கள் வந்து சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் விளங்கியது. சாதாரண டயர் ரிம்மின் விளிம்பைக் கடித்துக்கொண்டு நிற்கும். இதற்குக் கடிக்க விளிம்பே கிடையாது. பசை ஒன்றுதான் பிடிமானம். அதனால் ஒட்டுகிறவன் கைதான் ஓட்டுகிறவள் உயிர் என்று நீங்கள் சொல்லும்போது நான் சிரித்துத் தொலைத்தேன்.

முதல் டயர் தேய்ந்து அடுத்தது வாங்க வேண்டிய நாளில் உங்களுக்கும் எனக்கும் நடந்த சண்டை ஞாபகம் இருக்கிறதா? பாப்பாவின் போனில் பார்த்து இருப்பதிலேயே எடை குறைந்த டயரை நான் காட்டினேன். என் தொழில் புத்தி அது. புளி கையில் கனத்தால் ஈரம் இருக்கிறது, கொட்டை இருக்கிறது, ஏமாற்றுகிறான் என்று அர்த்தம். லேசாக இருப்பதுதான் நல்ல சரக்கு.

"இது புளி இல்ல மாப்ள" என்றீர்கள். "இத்த போட்டிக்குப் போடு. ஒரு நாள் பறந்துட்டு வரட்டும். தெனமும் ஓட்றதுக்கு இது ஆவாது. நம்ம ரோட்ல வேலிக்காத்தான் முள்ளு கீது, ஜல்லி கீது."

"கனமா இருந்தா புள்ள ஏறும்போது திணறாதா?"

"திணறட்டும். திணறத்தானே பழகப் போறா."

அப்புறம் டயரை எப்படிப் பார்ப்பது என்று காட்டினீர்கள். நடுவில் ரப்பர் தடிப்பாக இருக்க வேண்டும். அதற்கு அடியில் முள்ளைத் தடுக்க ஒரு பட்டை இருக்க வேண்டும். கொஞ்சம் அகலமாக இருந்தால் மேடு பள்ளத்தில் கை அதிராது. உள்ளே இருக்கிற டியூப் கறுப்பு ரப்பராக இருந்தால் விடியும் வரைக்கும் காற்றுப் பிடித்து நிற்கும், மெல்லிசு டியூப் என்றால் தினமும் பம்போடு குடித்தனம் நடத்த வேண்டும். அடிப்பக்கத் தையல் நேராக ஓடுகிறதா என்று நீங்கள் டயரை விரலில் மாட்டி உருட்டிப் பார்த்த விதம், வளையல் கடையில் பெண்கள் பார்க்கிற மாதிரி இருக்கும். வாங்கினதும் ஒட்டவும் விடமாட்டீர்கள். பழைய ரிம் ஒன்றில் மாட்டிக் காற்றடித்து, கொஞ்ச நாள் பதப்படட்டும் என்று உங்கள் வீட்டு உத்தரத்தில் தொங்கவிடுவீர்கள். அக்கா வடாம் காயப்போட இடமில்லை என்று கத்துவார்கள்.

மண்ணெண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஆயுத பூஜைக்கு, பாப்பா சைக்கிள் சாமி முன்னால் பளிச்சென்று இருக்கட்டும் என்று துணியில் மண்ணெண்ணெய் நனைத்து ரிம், டயர் எல்லாம் துடைத்தேன். மேலே சந்தனம், குங்குமம், பொரி. பொங்கல் சாப்பிட வந்த நீங்கள் வழக்கம்போலக் கட்டை விரலால் டயரைப் பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளினீர்கள். பசை இளகிப்போய், வாழைப்பழத் தோல் மாதிரி டயர் உங்கள் கையோடு வந்தது. அடுத்த நாள் அவள் மலையிலிருந்து இறங்க வேண்டியவள். நீங்கள் சத்தம் போடவில்லை. "சாமிக்கு சாம்பிராணி போதும் மாப்ள" என்றீர்கள். பாப்பாதான் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அன்றிலிருந்து அவள் சக்கரத்தில் நான் கைவைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

நீங்கள் போனதற்கு அப்புறம் அந்தச் சட்டம்தான் கழுத்தைப் பிடித்தது.

வேலூர் ஆஸ்பத்திரியில் மூச்சுக் குழாயோடு படுத்திருந்தபோதும், "முன் டயரு பாத்தியா மாப்ள, நடுவுல தேஞ்சிருக்கும்" என்றீர்கள். நான் தலையாட்டினேன். உங்களைத் தூக்கிக்கொண்டு வந்த பிறகு, பாப்பா கொஞ்ச நாள் சைக்கிளைத் தொடவில்லை. பிறகு ஒரு நாள் அவளாகவே எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவள் பின்னால் காவலுக்கு உங்கள் வண்டி ஓடிய இடத்தில் என் மொபெட் ஓட ஆரம்பித்தது. காலையில் மலை, அப்புறம் கடை, சாயந்திரம் மறுபடியும் கடை. உடம்பு ஒரு மூட்டை புளி மாதிரி ஆகிவிட்டது மச்சான். இழுத்துக்கொண்டு திரிகிறேன்.

முன் டயர் நீங்கள் சொன்னபடியே தேய்ந்தது. ரப்பர் போய்த் துணி எட்டிப் பார்த்தது. மாற்றலாம் என்றேன்.

"மாமா ஒட்டுனதுப்பா. இன்னும் ஓடும்."

"துணி தெரியுது பாப்பா."

"தெரியட்டும்."

சாதாரணச் சக்கரம் வாங்கிப் போட்டுவிட்டு, உங்களுடையதை ஆணியில் மாட்டி வைக்கலாம் என்று பஞ்சர் கடைக்காரர் யோசனை சொன்னார். நியாயமான யோசனைதான். அதை நான் வீட்டில் சொன்ன அன்று அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். உங்கள் படத்துக்கு மாலை போட்டதையே அவள் இன்னும் மன்னிக்கவில்லை, சக்கரத்தையும் ஆணியில் மாட்டினால் எப்படி விடுவாள்? கிழிந்துபோகும் டயரில் பிள்ளை தினமும் இறங்குகிறாள், நான் பின்னால் பார்த்துக்கொண்டே போகிறேன். இதற்கு என்ன செய்வது என்று கேட்க நீங்கள் இல்லை.

அவளுக்குத் தெரியாமல் டயர் தேட ஆரம்பித்தேன். கடையில் சரக்கு வராத மத்தியான நேரங்களில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எல்லா டயரும் ஒரே மாதிரி கறுப்பாக இருக்கிறது. ஒவ்வொருத்தனும் தன்னுடையதுதான் உலகத்திலேயே வேகம் என்கிறான். தினமும் ஓட்டினால் எவ்வளவு நாள் உழைக்கும் என்று ஒருத்தனும் வாயைத் திறப்பதில்லை. இங்கிலீஷில் எழுதியிருந்ததைப் பாதி புரிந்து பாதி புரியாமல் படித்தேன். கடைசியில் உங்கள் கையை ஞாபகம் வைத்துத்தான் தேர்ந்தெடுத்தேன். நடுவில் தடிப்பு, அடியில் பட்டை, கொஞ்சம் அகலம், கறுப்பு டியூப். எடையைப் பார்த்தபோது புளிக்காரன் மனசு கொஞ்சம் அடித்துக்கொண்டது. அதை அடக்கினேன். வந்ததும் அக்காவிடம் கொடுத்தேன். வாங்கி, அதே உத்தரத்தில் தொங்கவிட்டார்கள்.

போன வாரம் பாப்பா மலையில் ஒரு வளைவில் வழுக்கினாள். விழவில்லை. தேய்ந்த டயரின் துணி ஜல்லியில் பிடிக்காமல் சக்கரம் விலகிவிட்டது, காலை ஊன்றி நின்றுவிட்டாள். நான் பின்னால் வந்து பார்த்தபோது சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தாள். நானும் மொபெட்டை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

நேற்று விடிந்ததும் சக்கரத்தைக் கழற்றிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "எடுத்துடுப்பா" என்றாள்.

எடுக்க வரவில்லை, மச்சான். நீங்கள் ஒட்டினதாயிற்றே. நகத்தால் சுரண்டினேன், நகம்தான் போயிற்று. ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். "அப்பா, ரிம்மு போய்டும்" என்று பிடுங்கிக்கொண்டாள். ஈரத்துணி, சுடுதண்ணீர், என் பெரிய உடம்பின் மொத்த பலம், எதற்கும் அசையவில்லை. உங்கள் தங்கச்சி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கிரகப்பிரவேசத்துக்கு நேரமாவுது, எங்க அண்ணன் ஒட்டுனத உன்னால புடுங்க முடியுமா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அப்போது பாப்பா சக்கரத்தை மெதுவாகச் சுற்றினாள். வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கம் வந்ததும் நிறுத்தி, விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இங்க பசை இல்லப்பா. மாமா இடம் உட்டுகீறாரு."

இரண்டு விரல் அகலம். டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் விரல் நுழைய அங்கே மட்டும் இடம் இருந்தது. எத்தனையோ தடவை நீங்கள் ஒட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன், பார்த்ததில்லை. அவள் பார்த்திருக்கிறாள். "ஒட்றப்பவே கழட்ட இடம் உட்டுடணும், இல்லன்னா ரோட்ல நின்னு அழுவணும்னு சொல்லுவாருப்பா" என்றாள். சொல்லிவிட்டு அவளே கட்டை விரல் இரண்டையும் உள்ளே விட்டாள். கொஞ்சம் கொஞ்சமாக, சரசரவென்று வந்தது. பாதிக்கு மேல் தானாகவே கழன்றுகொண்டது. கழற்றின டயரை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தும்மல் வருகிற மாதிரி இருந்தது, வாசலுக்குப் போய்விட்டு வந்தேன்.

"நீயே ஒட்டுப்பா" என்றாள்.

"நானா? மண்ணெண்ணெய் மறந்துடுச்சா?"

"இல்ல. நான் பக்கத்துலயே உக்காந்துக்கிறேன்."

உங்கள் வீட்டு உத்தரத்திலிருந்து புது டயரை இறக்கிக்கொண்டு வந்தேன். ரிம்மில் உங்கள் பழைய பசை அப்படியே இருந்தது. அதைச் சுரண்டக் கூடாது என்றாள், புதுசு அதன்மேல்தான் பிடிக்குமாம். அதன்மேலேயே தடவினேன். பிரஷ்ஷில் பாதி, உள்ளங்கையில் பாதி. வால்வுக்கு எதிரில் நானும் இடம் விட்டேன். என் தடித்த விரலுக்கு இரண்டு என்றால் உங்கள் விரலுக்கு மூணு என்று அவள் அளந்து பார்த்து, இடத்தைக் குறைத்து மறுபடியும் தடவச் சொன்னாள். டயரை ஏற்றி, ஒரு நாள் காய வேண்டும் என்று சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுத்தான் கண்ணமங்கலம் கிளம்பினோம். மீதிக் கதை அந்தத் தாசில்தாருக்குத் தெரியும்.

இன்று காலை அவள் மலையேறினாள். மேலே திரும்பி இறங்க ஆரம்பித்ததும் நான் முன் சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆனால் மொபெட் எங்கே, அவள் எங்கே. இரண்டு வளைவு தாண்டியதும் காணோம். அதற்கப்புறம் ஒவ்வொரு வளைவிலும் ரோட்டில் ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இறங்கினேன். நான் ஒட்டின டயர் மேல் என் பிள்ளை போகிறாள் என்பதைத் தவிர வேறு ஒன்றும் மனசில் இல்லை. இத்தனை வருஷம் நீங்கள் இதைச் செய்துவிட்டு எப்படி பீடி பிடித்துக்கொண்டு சாவகாசமாக வந்தீர்கள்?

அடிவாரத்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தாள். எனக்கும் சேர்த்து ஒரு டீ சொல்லி வைத்திருந்தாள்.

"இன்னாப்பா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

"வெயிலு."

"காலங்காத்தால இன்னா வெயிலு."

டயரைக் கட்டை விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தாள். நகரவில்லை. என்னைப் பார்க்காமல், "எவ்ளோ நாளு தாங்கும்பா இது?" என்றாள்.

"தடிப்பு டயரு. நல்லா தாங்கும். வருஷம் பூரா ஓட்டலாம்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"அப்ப நாளைலேர்ந்து ஜமுனாமரத்தூரத் தாண்டி காவலூர் வரைக்கும் போய்ட்டு வர்றேன்."

'போதும் கண்ணு, இதோட உட்டுடேன்' என்கிற வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது, மச்சான். டீ சூடாக இருந்தது. அதோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.