பார்த்ததற்கு ஒரு லைக்

திங்கள்
விடியவே மழை. வெள்ளவத்தையில் பஸ் ஏற முன்னமே குடைக் கம்பி ஒன்று போய்விட்டது.

மாநகர சபைக் கந்தோரின் பேஸ்புக் பக்கத்துக்கு இன்றிலிருந்து நான்தான் பொறுப்பு. தமிழ் தெரிந்த கிளாக் நான் ஒருத்திதானாம். பிரிவுத் தலைவர் சேர் முறையும் சொல்லித் தந்தார்: சனம் எழுதுவதை அச்சடித்து, பைல் கோவையில் போட்டு, அவர் கையெழுத்து வைத்த பிறகுதான் பதில், வேலை எல்லாம். பேஸ்புக்குக்கும் கோவை! சிரிப்பை அடக்கப் பட்ட பாடு.

முதல் முறைப்பாடு கொட்டாஞ்சேனையிலிருந்து. ஸ்டெல்லா என்று ஒருத்தி. "எங்கட ஒழுங்கையில வடிகான் மூடி உடைஞ்சு கிடக்கு. மழைத்தண்ணி நிறைஞ்சா குழி தெரியாது. பழைய பீப்பா ஒண்டு வச்சு மறைச்சிருக்கிறோம். கெதியா வாங்க."

கடிதம் வந்தால் மூலையில் சின்னக் கையெழுத்துப் போடுவோம், பார்த்தாயிற்று என்று. அதே பழக்கத்தில் ஒரு லைக் போட்டேன். அச்சடித்துக் கோவையில் வைத்தேன்.

செவ்வாய்
மழை. கோவை சேரின் மேசையில். சேர் கூட்டத்தில்.
வாங்க: பருப்பு, சவர்க்காரம், குடை.

புதன்
கோவை அதே இடத்தில். இரண்டு தரம் ஞாபகப்படுத்தினேன். "ஹெட்ட பலமு" என்றார். நாளைக்குப் பார்ப்பாராம்.

அக்காவிடம் சொன்னேன். "கான் திருத்திற ஆக்களுக்கு நீயே ஒரு போன் கோல் எடுத்துச் சொல்லன்." சேரைத் தாண்டிக் கதைத்தால் இடமாற்றம்தான் என்றேன். "பயந்தாங்கொள்ளி." ஓம். பயந்தாங்கொள்ளிதான்.

வியாழன்
ஸ்டெல்லாவின் புருஷன் குழிக்குள் விழுந்துவிட்டார். காலையில், துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிற வழியில். ஒழுங்கை முழுக்க வெள்ளமாம். இடுப்பு எலும்பு. ஆஸ்பத்திரி.

அவளே எழுதியிருக்கிறாள். "நீங்க லைக் போட்ட உடனே, கவுன்சில் ஆக்கள் வாறாங்கண்டு எல்லாருக்கும் சொன்னேன். உங்கட லொறி வர இடம் வேணுமெண்டு பீப்பாவ அவர்தான் தூக்கி ஓரமா வச்சார்."

மூன்று தரம் வாசித்தேன். நான் பார்த்தேன் என்று போட்டது. வருகிறோம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் என்ன பிழை? கந்தோருக்குள் இருக்கிற எங்களைத் தவிர வேறு யார் அப்படி ஒரு லைக் போடுவார்கள்?

மத்தியானச் சோற்றுப் பார்சலைத் திறக்கவில்லை. என்னால்தான். வேறு யாராலும் இல்லை.

வெள்ளி
சேர் கூப்பிட்டார். கோவை திறந்திருந்தது, முதல் தரமாக. "லைக் எக அயின் கரன்ன." லைக்கை எடுத்துவிடட்டாம். நாங்கள் அதைப் பார்க்கவே இல்லை என்று இருக்கட்டுமாம்.

குழி என்று இழுத்தேன். அது வேறு பிரிவாம், கடிதம் போகுமாம்.

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஹரி சேர்" என்றுதான் வந்தது, சரி என்று. பென்ஷனுக்கு இன்னும் ஒன்பது வருஷம், வீட்டு வாடகை, அக்காவின் மருந்து. படி இறங்க முன்னமே காரணங்கள் வரிசையாக வந்துவிட்டன. என்னைக் கண்டாலே எனக்கு அருவருப்பு.

எடுத்துவிட்டேன். ஒரு விரல் வேலை.

3.20. ஸ்டெல்லா: "சேரோ மிஸ்ஸோ தெரியாது. லைக்கைக் காணல்ல. கை தவறிப் பட்டிருக்கும். திருப்பிப் போட்டு விடுங்க. நீங்க வாறீங்கண்டு சொல்லித்தான் அவரத் தேத்தி வச்சிருக்கேன்."