பஸ் கிளம்புவதற்கு முன்

தாந்தில்,
நவம்பர் 9

அன்புள்ள ரொக்சானா,

இங்கே இருவரும் நலம். கடல் கடந்து மாலகாவில் நீ சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளும் பெரியவருக்கு இருமல் நின்றதா? போனில் பேசும்போது நம் மகள் என் பக்கத்திலேயே நிற்பாள். அதனால்தான் எழுதுகிறேன்.

அயெலெனின் பதினைந்தாம் பிறந்தநாளுக்கு மண்டபம் கிடைத்துவிட்டது. டிசம்பர் ஆறு. அன்று அவள் தனக்கு நெருக்கமான பதினைந்து பேரைப் பெயர் சொல்லி அழைத்து ஆளுக்கொரு மெழுகுவர்த்தி கொடுக்கவேண்டுமே, அந்தப் பட்டியலை மண்டபத்தில் கேட்கிறார்கள். போன மாதம் பதினான்கு பெயர் இருந்தது. இப்போது மூன்று. என் பெயர், நாய் பிச்சோவின் பெயர், உன் பெயர். உன்னுடையது மட்டும் பென்சிலில்.

முதலில் அடித்த பெயர் ஹுலியேத்தா. ஆறு வயதிலிருந்து ஒரே பெஞ்சு. அவளுடைய அப்பாவுக்குத் தொலைவில் நெயுகேன் நகரத்தில் வேலை கிடைத்திருக்கிறது. பிப்ரவரியில் குடும்பத்தோடு போகிறார்கள். அதைச் சொன்ன நாளிலிருந்து அயெலென் அவளிடம் பேசுவதில்லை. அவளுக்காகப் பரிந்து பேசிய தோழிகளும் பட்டியலிலிருந்து போய்விட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை ஹுலியேத்தா வாசலுக்கு வந்தாள். கையில் வெண்ணெய் ரொட்டிப் பொட்டலம். "தூங்குறேன்னு சொல்லுப்பா" என்றாள் நம் மகள், உள்ளிருந்து, வாசலில் நின்றவளுக்கே கேட்கும்படி. நானும் அப்படியே சொன்னேன். ஹுலியேத்தா சிரிக்கப் பார்த்தாள். "மாமா, நான் போறதே பிப்ரவரிலதான். அதுக்குள்ள என்னைப் புதைச்சே முடிச்சிட்டா உங்க பொண்ணு" என்றாள். ரொட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். நாங்கள் அதைத் தொடவில்லை. பிச்சோ தின்றது.

ஏன் இப்படி என்று கேட்டேன். "போறவ எப்படியும் போவா. பஸ் கிளம்புறதுக்கு முன்னாடி நாம கிளம்பிடணும். நீதானப்பா சொன்ன?"

சொன்னேன். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. நீ ஊரைவிட்டுப் போன அன்று, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அவள் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டேன். திரும்பிப் பார்க்காதே என்றேன். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். அவள் அழவில்லை. நான் அதைப் பெருமையாகக்கூட நினைத்தேன். ஊரைத் தாண்டும்வரை நீ ஜன்னலில் எங்களைத் தேடியதைப் பிறகு உன் கடிதத்தில்தான் படித்தேன்.

அவளைக் காப்பாற்றினேனா, வேறு ஏதோ செய்தேனா? நீ போனதா, நான் இழுத்ததா? எதனால் எது என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் பாதிப் பேச்சில் போன் அறுந்துபோவதாக வருத்தப்படுகிறாய். இங்கே சிக்னல் நன்றாகவே இருக்கிறது. "சரி, வைக்கட்டுமா" என்று நீ கேட்கப்போவது அவளுக்குத் தெரிந்துவிடுகிறது; அதற்குள் அவளே முந்திக்கொண்டு வைத்துவிடுகிறாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஹுலியேத்தா மறுபடி வந்தாள். இந்த முறை நான் பொய் சொல்லவில்லை. கதவைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே கத்தினார்கள். "போடி, போய்த் தொலை!" "போறேன்டி, பிப்ரவரில! இன்னைக்குப் போகமாட்டேன்!" இப்போது கத்தல் நின்றுவிட்டது. அழுகிறார்களா, சிரிக்கிறார்களா, தெரியவில்லை. எட்டிப் பார்க்கத் தைரியமில்லை.

ரொக்சானா, பிறந்தநாளுக்கு வரப் பார்க்கிறேன் என்று மூன்று முறை சொல்லிவிட்டாய். வர முடியும் என்றால் வா. முடியாதென்றால் அதை அவளிடம் நீயே சொல். சொல்லி முடிப்பதற்குள் துண்டித்துவிடுவாள். மறுபடி கூப்பிடு. மறுபடியும் துண்டிப்பாள். நீ கூப்பிட்டுக்கொண்டே இரு.

லுஹான் மாதா உன்னோடு இருக்கட்டும்.

உன்,
ஃபபியான்