செத்தவருக்கு எண்பத்தாறு வயது

ப்ளம் ஃபோர்க், வயோமிங்
ஏப்ரல் 11, ஞாயிறு

என் அருமை லினெட்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நாய்களும் நன்றாக இருக்கிறோம், வழக்கத்துக்காக எழுதவில்லை, இந்த முறை நிஜமாகவே நன்றாக இருக்கிறோம். நீயும் அந்த ஜப்பான் குளிரில் சளி கிளி பிடிக்காமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு, பள்ளிக்கூடத்தில் தொண்டை கிழியக் கத்தாமல் சுகமாக இருக்க வேண்டும். உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. அப்பா ரேடியோவுக்குப் போவதை நிறுத்திவிட்டார் என்று பக்கத்து வீட்டு இர்மா உனக்கு ஃபோனில் சொல்லிவிட்டாளாமே, வேலையை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். அவளுக்கு வேறு வேலை இல்லை. நீ பெட்டியைக் கட்டாதே. முதலில் இதைக் கடைசிவரை படி, அப்புறம் முடிவு பண்ணு. நானே எழுதியிருக்க வேண்டியது, ஆனால் கன்று ஈனும் காலம், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற வேலை, அதோடு எதை எழுதுவது என்றே எனக்குத் தெரியாமல் இருந்தது.

நீ விமானம் ஏறும்போது அப்பாவின் வாயில் மிஞ்சியிருந்தது நாலைந்து வார்த்தைதான், ஆமா, வேண்டாம், காபி, நாய். பக்கவாதம் வந்து போனதில் கையும் காலும் ஒருவழியாகத் தேறின, பேச்சு தேறவில்லை. மாட்டு ஏலத்தில் மூச்சுவிடாமல் விலை கூவின மனுஷன், உப்பு கேட்க நினைத்தால் கதவு என்று வாயில் வரும், உடனே மேஜையில் ஒரு குத்து. ஆனால் எழுதி வைத்ததை முன்னால் வைத்தால் மெதுவாக வாசித்துவிடுவார், அது எப்படி என்று எனக்குப் புரிவதில்லை, மூளையில் அது வேறு அறையாம். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டாக்டரம்மா தெளிவாகவே சொல்லிவிட்டாள், "தினமும் சத்தமா வாசிக்கட்டும். நிறுத்தினா வந்ததும் கைவிட்டுப் போயிடும்." அப்போதுதான் ரேடியோ நிலையம் நடத்துகிற மார்வா வந்து நின்றாள். "டோரீன், பிறந்தநாள் வாசிக்கிறவன் டென்வருக்குப் போயிட்டான். வெர்னை அனுப்பு. குரல் அப்படியேதானே இருக்கு?" என்றாள். கிண்டல் பண்ண உனக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று கேட்டுவிட்டேன். அவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அன்று அவளிடம் அப்படிப் பேசினதற்கு இன்று அவள் காலில் விழலாம் என்று தோன்றுகிறது.

இலையுதிர் காலத்திலிருந்து தினமும் காலையில் அப்பாதான். நம் ஊர்க் காலை உனக்கு மறந்திருக்காது, முதலில் உயிரோடிருக்கிற நடிகர் நடிகைகளின் பிறந்தநாளும் வயதும், அதைக் கேட்டு ஊரில் இருக்கிற பொம்பளைகள் எல்லாம் "அவளுக்கு அறுபத்தெட்டுதானா, யார்கிட்ட கதை விடறா" என்று காபியைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார்கள். அப்புறம் அதே தேதியில் பிறந்த மேற்கே குடியேறின காலத்து ஆட்கள், துப்பாக்கிக்காரர்கள், வழிகாட்டிகள், வண்டி ஓட்டிகள், எல்லாரும் எப்போதோ மண்ணுக்குள் போனவர்கள். அப்பாவுக்கு இரண்டாவது பகுதிதான் உயிர். துப்பாக்கிக்காரன் வயாட் எர்ப் பிறந்தநாளன்று, அத்தனை பேரைச் சுட்டவன் எண்பது வயதில் வீட்டிலேயே செத்தான் என்று வாசித்துவிட்டு வந்து நாள் முழுக்கத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். காலை எழுந்ததும் சவரம் பண்ணிக்கொள்கிறார் லினெட், ரேடியோவில் யார் முகத்தைப் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டேன், "வேண்டாம்" என்று கையைத் தட்டிவிட்டார்.

வந்தது வினை மார்ச் கடைசியில். ராய்ஸ் கானலியை உனக்குத் தெரியும், டிவியில் கறுப்பு வெள்ளைக் காலத்தில் நம் ஊர்ப் பழைய காலத்து ஆள் எலையஸ் பிரோடியாக வேஷம் போட்டுக் குதிரையில் வருவாரே, வயதானதும் நம் ஊரிலேயே வந்து தங்கினவர். கோர்ட்டு வாசலில் பிரோடிக்குச் சிலை வைத்தபோது நிஜமான பிரோடியின் படம் ஒன்றுகூடக் கிடைக்காமல் ராய்ஸ் முகத்தையே வைத்துச் செய்தார்கள் இல்லையா, அதோடு விட்டார்களா, பிரோடி பிறந்த தேதியும் யாருக்கும் தெரியாது என்று ராய்ஸின் பிறந்தநாளையே அவருக்கும் கொடுத்துவிட்டார்கள். நம் ஊர்க் கவுன்சில்காரர்களின் புத்தி அவ்வளவுதான். ஆக அன்றைய தாளில் இரண்டு பேரும் மேலும் கீழுமாக, அப்பா வாயில் பேர் இரண்டும் இடம் மாறிவிட்டது. நான் பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறேன், ரேடியோ ஓடுகிறது, அப்பா கணீரென்று வாசிக்கிறார், "எலையஸ் பிரோடிக்கு இன்னிக்கு எண்பத்தாறு வயசு, இன்னும் பல வருஷம் நல்லா இருக்கணும்." பிள்ளைகள் சிலைக்கு வயசாகிவிட்டது என்று சிரித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்தது. அடுத்தது வந்தது பார், "ராய்ஸ் கானலி, ஆத்துக்கு மேல மேட்டுல அடக்கம் பண்ணியிருக்கு, நிம்மதியாத் தூங்கட்டும்."

மற்ற நாளாக இருந்தால் இதையும் சிரித்துவிட்டிருப்பார்கள். ஆனால் ராய்ஸுக்கு அதற்கு முந்தின வாரம்தான் நுரையீரலில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் போட்டிருந்தார்கள், திரும்பி வந்தது பாதிப் பேருக்குத் தெரியாது. மத்தியானத்துக்குள் தீயணைப்பு நிலையத்தில் கொடியை அரைக் கம்பத்துக்கு இறக்கிவிட்டார்கள். சர்ச் பொம்பளைகள் சும்மா இருப்பார்களா, சாவு வீடு என்றால் இவர்களுக்குக் கை தானாக அடுப்பைப் பற்றவைக்கும், கண்ணாடிப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கும் சீஸும், சூரை மீனும் நூடுல்ஸும், பன்றித் தொடை, ஆளாளுக்கு அடியில் டேப் ஒட்டிப் பேர் எழுதிக்கொண்டு ராய்ஸ் வீட்டுக்குப் படையெடுத்தார்கள். இர்மாதான் முதலில் போனவள். ராய்ஸ் உள் கால்சட்டையோடு வந்து கதவைத் திறந்தாராம். இவள் பாத்திரத்தைப் பிடித்தபடி நிற்கிறாள். "நீங்க செத்துட்டதா வெர்ன் சொன்னாரே" என்றாளாம். ராய்ஸ் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உருளைக்கிழங்கா? அப்ப உள்ள வா" என்றாராம்.

ஊர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது, அதில் எனக்கு வருத்தமில்லை. மறுநாள் தீவனக் கடையில் நடந்ததுதான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. நான் பில் கட்டிக்கொண்டிருக்கிறேன், அப்பா என் பக்கத்திலேயே நிற்கிறார், கல்லாப் பக்கம் நின்ற ஒருவன், பேர் வேண்டாம், நீ நல்லவன் என்று நினைத்திருப்பாய், அவன் என்னிடம் சொல்கிறான், "மார்வாவுக்கு அறிவே இல்ல டோரீன். வெர்ன் எப்பவோ போயாச்சு, உடம்பு மட்டும்தான் நடமாடுது." அவர் அங்கேயே நிற்கிறார். அவருக்குக் காது கேட்கும், புத்தி தெளிவாக இருக்கிறது, வார்த்தைதானே வராது. நான் திருப்பிச் சொன்னதை இங்கே எழுத முடியாது, அந்தக் கடையில் இனி கடன் சொல்லித் தீவனம் வாங்க முடியாது என்று மட்டும் வைத்துக்கொள். வீட்டுக்கு வந்ததும் அப்பா அடுத்த நாள் தாளை நாலாக மடித்து அடுப்பில் போட்டார். அதோடு சரி. ரேடியோவுக்குப் போகவில்லை, பேப்பர் வாசிக்கவில்லை, ஓட்ஸ் டப்பாவை முன்னால் வைத்தால்கூடத் திருப்பி வைத்துவிடுவார், ஆமாவும் வேண்டாமும்கூடத் தலையாட்டலாகிவிட்டது. நாயைக்கூடக் கூப்பிடவில்லை. டாக்டரம்மா சொன்னது எனக்குத் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது, இருக்கிறதும் போகிறது, நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். மார்வா அவர் நேரத்தை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை, அந்த அஞ்சு நிமிஷமும் வெறும் ஃபிடில் வாசிப்புப் போட்டாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அழுகைதான் வந்தது.

இந்தச் சமயத்தில்தான் ராய்ஸ் வந்தார். சாவுக்கு வந்த பாத்திரங்களைக் கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டுமே, இர்மா கார் ஓட்ட, இவர் வீடு வீடாக இறங்கிக் கொடுத்துக்கொண்டே வந்தார். நம் வீட்டுக்குள் வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தார். "ஊரே கொண்டு வந்துச்சு டோரீன், உன் பாத்திரத்தை மட்டும் காணோமே?" என்றார். "வெர்ன் சொல்றதை நான் எந்தக் காலத்துல நம்பினேன், நீங்க சாகலைன்னு எனக்குத் தெரியும்" என்றேன். அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே இருந்தார். ராய்ஸ் நாற்காலியை அவர் முகத்துக்கு நேரே இழுத்துப் போட்டுக்கொண்டார். மறுப்புச் செய்தி வாசிக்க மார்வா ரெடியாக இருந்தாளாம், தான்தான் வேண்டாம் என்று தடுத்துவிட்டாராம். "என்னைக் கொன்னவன் நீ. நீயே வந்து உயிர் கொடு வெர்ன். வேற எவன் சொன்னாலும் நான் செத்தவன்தான், அந்தக் கொடி பாதியிலேயே கிடக்கட்டும்" என்றார். அப்பா மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ராய்ஸ் சிரிக்காமல் சொன்னார், "இந்த ஊர்ல அந்தச் சிலைக்குத் தொப்பியைத் தூக்குறாங்க, அதே முகத்தோட நான் கடையில நின்னா இடிச்சுக்கிட்டுப் போறாங்க. நீ சொல்றதுக்கு முன்னாடியே நான் செத்தவன்தான்டா. நீ சொன்ன அப்புறம்தான் என் வீட்டுக்கு நாலு பேர் வந்து உட்கார்ந்து சாப்பிட்டாங்க." அப்பா அப்போதுதான் அவரைத் திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ராய்ஸ் போனதும் குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது, எட்டிப் பார்த்தேன், சவரம் பண்ணிக்கொண்டிருந்தார்.

போன வியாழக்கிழமை ராய்ஸே வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார். நான் பஸ்ஸில். அவர் நேரம் வந்ததும் பீட்ரூட் வயல் ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டேன், பிள்ளைகள் ஏன் என்று கேட்கவில்லை, எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது. ஃபிடில் நின்றது. அப்பா குரல் வந்தது, முதலில் கொஞ்சம் கரகரத்தது. "ஒரு திருத்தம். ராய்ஸ் கானலி செத்துப் போகலை. அவருக்கு எண்பத்தாறு வயசு. அவர் உயிரோட இருக்கார்." தாளில் அவ்வளவுதான். அப்பாடா என்று வண்டியைக் கிளப்பப் போனேன், ஆனால் பாட்டு வரவில்லை, அடுத்த பேரும் வரவில்லை, ஒரு சத்தமும் இல்லை. நின்றுபோய்விட்டார் என்று நினைத்தேன் லினெட், இன்னொரு பக்கவாதமோ என்றுகூட நினைத்துவிட்டேன். பிறகு மார்வா சொன்னாள், அவர் தாளைக் கவிழ்த்து வைத்தாராம், இவள் இசையைப் போடக் கையை நீட்டினாளாம், ராய்ஸ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாராம். ஊர் முழுக்க அந்த மௌனத்தைக் கேட்டது, அந்தத் தீவனக் கடையிலும் கேட்டிருக்கும். அப்புறம் அவர் சொன்னார், யாரும் எழுதிக் கொடுக்காத வார்த்தை, பக்கவாதம் வந்த பிறகு அவராகச் சேர்த்துச் சொன்ன முதல் வாக்கியம். "நானும்," என்றார். கொஞ்சம் நிறுத்தினார். "நானும் இருக்கேன்."

ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன், பிள்ளைகள் முன்னால் என்ற வெட்கமே இல்லாமல். மார்வாவுக்கும் ராய்ஸுக்கும், ஏன் அந்த இர்மாவுக்கும்கூட, நான் இந்த ஜென்மத்துக்கும் நன்றி சொல்லித் தீர்க்க முடியாது. நேற்று ராய்ஸ் வீட்டுக்கு உருளைக்கிழங்கு செய்து எடுத்துக்கொண்டு போனேன், பாத்திரத்தில் பேர் எழுதவில்லை, திருப்பித் தர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகவே நீ பயந்துகொண்டு ஓடி வராதே, கோடை விடுமுறையில் ஆசையோடு வா. உனக்கு நல்ல உடம்பும் நல்ல தூக்கமும், உன்னைச் சுற்றி நல்ல மனுஷர்களும் அமையட்டும், கடவுள் உன் பக்கத்திலேயே இருக்கட்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். இது கிடைத்த பிறகு வருகிற ஞாயிறு நீ ஃபோன் பண்ணும்போது அப்பாதான் எடுப்பாராம், ஃபோனைக் காட்டித் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். சத்தமே இல்லாவிட்டாலும் வைத்துவிடாதே. அவர் தடுமாறும்போது இதுதானே சொல்ல வந்தீங்க அப்பா என்று நீயாக எடுத்துக் கொடுக்காதே. காசு ஆனால் ஆகட்டும், காத்திரு. அவர் இருக்கிறார், வருவார்.

என்றும் உன் அன்பு அம்மா,
டோரீன்