இருநூறு தரம் எறிந்த சோகி

2025 ஜூன் 3, செவ்வாய்
சோமசேகரம் மாமா இன்று அப்பாவைக் கள்ளன் என்று சொல்லிப்போட்டார். நிலாவெளிக் கரையில், எல்லாருக்கும் முன்னால்!

ஒரே இடத்தில் அப்பாவுக்கும் மாமாவுக்கும் கரைவலை, கரையில் நின்று கயிற்றால் இழுக்கிற வலை. விடியற்காலையில் வலையை முதலில் கடலில் இறக்குகிற அந்த முதல் வளைப்பு யாருக்கு என்று தினமும் அப்பாவின் சோகியை, சோழியைத்தான், எறிந்து பார்ப்பார்கள். பிளவுள்ள வாய் மேலே விழுந்தால் எங்களுக்கு, முதுகு என்றால் மாமாவுக்கு. முதல் வளைப்பில்தான் மீன்.

"உன்ர சோகி, உன்ர கை. என்ன மாயம் செய்யிறாய் யோகலிங்கம்?" என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா சாப்பிடவில்லை. எனக்குப் பற்றி எரிகிறது. தரம் பத்துப் பிள்ளைகளுக்கு நிகழ்தகவு படிப்பிக்கிறவள் நான். இரண்டு பக்கம், ஆகவே பாதிக்குப் பாதி. இதில் எங்கே களவு?

ஜூன் 4
முதல் வளைப்பு கிடைத்த நாட்களுக்கு அப்பா கலண்டரில் புள்ளி போடுகிறவர். எண்ணினேன். எண்பது நாளில் ஐம்பத்தொன்று. கூடத்தான். அதிர்ஷ்டமாக இருக்கலாம். இருக்கலாமா?

ஜூன் 5
சோகியை வாங்கி முற்றத்து மணலில் எறிந்தேன்.
பத்துக்கு ஐந்து வாய். அப்பாடா!
ஐம்பதுக்கு முப்பது.
நூறுக்கு அறுபத்திநாலு.
இருநூறுக்கு நூற்றிருபத்தாறு — நூற்றுக்கு அறுபத்திமூன்று.

எறிய எறியப் பாதிக்கு வரும் என்றுதானே இருந்தேன்? வரவேயில்லை. சோகியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வாய்ப் பக்கம் தட்டை, முதுகுப் பக்கம் கூன். காசைப் போல இரண்டு பக்கமும் ஒன்றா என்ன? அறிமுறையில் பாதி என்று எழுத முதல் அதையல்லவா கேட்டிருக்க வேண்டும். பரிசோதனை சொல்லித்தான் எனக்கு விளங்குகிறது. வெட்கமாகவும் இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது.

அப்பா கள்ளன் இல்லை. ஆனால் மாமாவின் சந்தேகமும் வீண் இல்லை. சொன்னால் எங்கள் மீன் குறையும். சொல்லாமல் விட்டால்?

ஜூன் 6
அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

"உன்ர கணக்கு கடலுக்குச் சரிவராது பிள்ளை," என்றார் அப்பா. பிறகு தானே முற்றத்தில் குந்தியிருந்து எறியத் தொடங்கினார். தேத்தண்ணி ஆறிப்போனது.

"ஓம்... வாய்தான் கூட விழுது."

சோகியை மடியில் முடிந்துகொண்டு எழும்பினார்.

ஜூன் 7, சனி
நானும் கரைக்குப் போனேன். அப்பா சோகியை மாமாவின் கையில் வைத்தார். "இது ஒரு பக்கம்தான் கூட விழுது. எனக்கும் தெரியாது, பிள்ளைதான் கண்டுபிடிச்சவள். இனி ஒரு நாள் வாய் உனக்கு, மற்ற நாள் எனக்கு. இண்டைக்கு உனக்கு."

மாமா எறிந்தார். வாய்.

அவருடைய வலை இறங்கியது. எங்கள் வலை மணலில் கிடந்தது. இழுக்கிற நேரம் அப்பா போய் அவருடைய கயிற்றில் கை வைத்தார். மாமா கொஞ்சம் தள்ளி நின்று இடம் விட்டார்.